செவலையின் காது சில்லென்று இருக்கிறது

மாமா,

செவலை காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கன்று போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் காது இரண்டும் சில்லிட்டுக் கிடக்கின்றன. மாட்டு டாக்டர் செல் எடுக்கவில்லை. கையோடு கூட்டிவர காட்டுமன்னார்கோயில் போகிறேன்.

"மொத நாலு நாளு முழுசா கறக்காதீங்க. தீனியில வர்ற சுண்ணாம்புச் சத்து பத்தலன்னா ஒடம்புல இருக்கறதையும் எடுத்துப் பாலுல விட்டுடும்" என்று டாக்டர் போன ஈத்துக்கே சொன்னார். செம்மண்டலத்தில் உங்கள் அக்காவுக்குச் சீம்பால் வேண்டுமென்று நீங்கள் சொட்டு விடாமல் கறந்தீர்கள். தடுத்தேன். "ஒனக்கு இன்னா தெரியும்" என்றீர்கள்.

வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறேன், ஒருபக்கமாகச் சாயவிடாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மடியில் கை வைக்கவே கூடாது.

சோறு வடித்திருக்கிறது. குழம்பு நேற்றையது.

இசைவாணி

உங்கள் அக்கா போன் செய்தார்கள். சீம்பால் நன்றாகத் திரண்டதாம். "இன்னும் ஒரு சொம்பு கெடைக்குமா" என்று கேட்டார்கள். பதிலை நீங்களே சொல்லுங்கள்.

கிளம்பும்போது பார்த்தேன், செவலை கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்துவிட்டது, நிமிர்த்திவிட்டாலும் மறுபடி அங்கேயே மடங்குகிறது. கன்றைப் பார்க்கிறது என்று நினைத்தேன். கன்றை மறுபக்கம்தான் கட்டியிருக்கிறேன்.