நீ சொல்லி ஊற்றிய ஆயில்

ஏரல்
ஐப்பசி 25

அன்புள்ள மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க முருகன் துணை. சுகம் விசாரிப்பது இதோடு முடிந்தது, இனி எழுதப்போவது முழுக்கக் கோபம்தான். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

சித்திரையில் வந்திருந்தபோது காருக்கு இனிமேல் சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று மூன்று நாள் என்னோடு மல்லுக்கு நின்றாய். நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும், இன்ஜின் தேயாது, வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்றாய். பதினோரு வருடமாகச் சாதா ஆயிலில் ஓடுகிற வண்டி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுகிறேன், அது போதும் என்றேன். நீயும் தலையை ஆட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாய். ஏறியதும் என் முதுகுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் ஜெபஸ்டினுக்குப் போன் போட்டு, அடுத்த சர்வீஸில் சிந்தெடிக்கை ஊற்றுங்கள், அப்பாவிடம் மூச்சு விடாதீர்கள், பில்லில் சாதா ஆயில் என்றே எழுதுங்கள், மீதிப் பணத்தை நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாய்.

புரட்டாசியில் சர்வீஸ் முடிந்து வந்த வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஜெபஸ்டினின் கைராசி என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சஷ்டிக்குத் திருச்செந்தூர் கிளம்புவதற்கு முந்தின நாள், வழக்கம்போல ஆயில் கம்பியை உருவி ஒரு துளியை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வேலையில் இருந்தபோது ஆபீஸ் ஜீப்பைக் கவனித்த காலத்திலிருந்து நான் ஆயில் பார்க்கிற விதம் அதுதான், கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில். இது பிசுக்கே இல்லாமல் தண்ணீர் மாதிரி வழிந்தது. கலப்பட ஆயிலை என் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கே பஜாரில் வேறொரு ஷெட்டில் அத்தனையையும் வடித்துச் சாதா ஆயில் ஊற்றச் சொன்னேன். வடித்ததை வாழைத்தோட்டத்து வேலிக் கம்புகளுக்குக் கரையான் ஏறாமல் இருக்கப் பூசியாகிவிட்டது. அதோடு விட்டேனா? நேரே ஜெபஸ்டினிடம் போய், நான்கு பேர் வண்டியோடு நிற்கும்போது, அவன் மனைவி கிறிஸ்டி சோற்றுத் தூக்கோடு நிற்கும்போது, அவனைத் திருடன் என்று சொன்னேன். இருபது வருடப் பழக்கம். உனக்குக் கொடுத்த வாக்குக்காக அவன் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்டிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள், "அண்ணாச்சி, ஒங்க மவ சொல்லித்தான் இவிய ஒசந்த ஆயில ஊத்துனாவ. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னதும் அவதான். இப்ப திருடன்னு பேரு எங்களுக்கா?"

எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினால், பிள்ள நல்லதுக்குத்தான செஞ்சிருக்கா, நீங்க ஏன் இந்தக் குதி குதிக்கிய என்று உன் அம்மா கேட்கிறாள். நல்லதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? பேரனுக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்து ஏமாற்றிக் கொடுப்பாயே, அதையே எனக்கும் செய்திருக்கிறாய். நான் உன் பிள்ளை இல்லை, உன் அப்பன். ஆயில் விஷயத்தில் நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். தண்ணீர் மாதிரி இருப்பதுதான் சிந்தெடிக்கின் குணமாம், கலப்படம் இல்லையாம். அந்த ஒரு மாதம் வண்டி எப்படி ஓடியது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு யோக்கியனை நான் ஊர் முன்னால் திருடன் என்று சொல்லும்படி ஆக்கிவிட்டாயே. விசாரிக்காமல் வாயைத் திறந்தது என் தப்பு, அதை உன் தலையில் போடமாட்டேன்.

நேற்றுப் போய், அங்கே நின்றவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்ல அண்ணாச்சி என்றான். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீக்குச் சொல்லுகிறவன், நான் கிளம்புகிறவரை தலை நிமிரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ அவனுக்குப் போன் பண்ண வேண்டும், மெசேஜ் போட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. கிறிஸ்டியிடமும் பேசு. மற்றபடி உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பேரனுக்குச் சளி பிடித்திருந்ததே, வெந்நீர் கொடு.

கோபம் ஆறாத உன் அப்பா,
ஆவுடைநாயகம்

பி.கு.: மாசியில் மறுபடியும் ஆயில் மாற்ற வேண்டும். சிந்தெடிக்கையே ஊற்றலாம் என்றுதான் இருக்கிறேன். எந்த முகத்தோடு போய் அவனிடம் கேட்பது என்று தெரியவில்லை.