அமாவாசைக்கு முன் ஒரு எண்

தோவாளை
ஆடி 14

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் மூன்று பேரும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்கள் ஆறு பேரும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசை பார்த்துச் சுற்றுகின்றன. பள்ளிக்குப் போகும் பேருந்திலிருந்து, நீங்கள் கடைசியாகப் பழுதுபார்க்க ஏறிய அந்தக் காற்றாலையைத் தேடுவேன். எது என்று தெரியாது. எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. எட்டு மணி நேரம் அதன் உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று நேர்காணலில் சொன்னீர்களாம். அதனால்தான் உங்களை எடுத்தார்களாம். தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லாதீர்கள் என்று தடுத்திருப்பேன்.

உங்களைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பதில் மனப்பாடமாகிவிட்டது. சந்திரனில் குடியிருப்பதற்கு ஒத்திகை. மூடிய கூடம். ஆறு பேர். கார்த்திகையில் உள்ளே போனார், அடுத்த கார்த்திகையில் வருவார். கம்பெனி தனியாருடையது, காவல் அரசாங்கத்துடையது. இடம் சொல்லமாட்டார்கள். சித்திரையோடு தொலைபேசியை நிறுத்திவிட்டார்கள். கடிதம் எழுதலாம், சென்னை அஞ்சல் பெட்டிக்கு. பதில் தட்டச்சில் வரும்.

தபால்காரர் ததேயுஸ் அண்ணனுக்கு அதுதான் பெரிய அதிசயம். “ஏ பிள்ளே, நாகர்கோயில்ல இருந்து எனக்க தங்கச்சி போட்ட கல்யாணக் கடுதாசி கல்யாணம் முடிஞ்சி வந்துது. ஒனக்க மாப்ள சந்திரன்ல இருந்து மூணு நாள்ல பதிலு போடுகாரு” என்றார். நானும் சிரித்தேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். எப்போதும் மூன்று நாள்தான்.

உங்கள் கம்பெனித் தலைவர் மறுபடி தொலைக்காட்சியில் வந்தார். வெள்ளைச் சட்டை. மனித குலத்துக்கு இன்னொரு வீடு வேண்டும் என்றார். மாமா கைதட்டாத குறை. பள்ளியில் ஷிபாவிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல ரெண்டாவது வீடு வச்சவன் மொத வீட்டுக்கு என்ன செய்தான்னு நமக்குத் தெரியாதா மக்கா?” என்றாள். ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டிருந்தேனே, பதில் வந்துவிட்டது. முதல் அலுவலகம், அப்படி ஒரு கூடம் பற்றிய தகவல் எங்களிடம் இல்லை என்கிறது. இரண்டாவது அலுவலகம், அந்தக் கூடம் பற்றிய தகவலை வெளியிட இயலாது என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து மாமாவிடம் காட்டினேன். “பட்டாளத்துக்காரன் எங்க நிக்கான்னு அவனுக்க பொண்டாட்டிக்கு எழுதிப்போட்டுட்டா நிக்கான்? அரசாங்கம் ஒளிச்சு வச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்றார். அவர் பட்டாளம் இல்லையே மாமா, ஒருவருடைய வியாபாரம்தானே என்றேன். தேர்தல் சமயத்தில் பேசுவதுபோலப் பேசாதே என்றார். போன தேர்தலில் இந்தக் கூடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பேன் என்று நம் தெருவில் நின்று சொன்ன வேட்பாளர், இப்போது உங்கள் தலைவர் பக்கத்தில் நின்று ரிப்பன் வெட்டுகிறார். இதை மாமாவிடம் சொல்லவில்லை. கட்சி எதுவானாலும் கத்தரிக்கோல் ஒன்றுதான்.

நேற்று செவ்வாய். ஔவையார் நோன்பு. மாமாவை வழக்கம்போல வெளியே அனுப்பிவிட்டோம். முணுமுணுத்துக்கொண்டே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனார். காலையில் வந்ததும் “கொழுக்கட்ட வாசம் அடிக்கே, உலகம்மை?” என்றார். அத்தை பார்த்த பார்வையில் நேராகக் குளிக்கப் போய்விட்டார். நோன்பில் உங்களுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். அதற்குமேல் எழுதக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அபிதா


தோவாளை
ஆவணி 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். ஒரு பிழை இல்லை.

எப்போதும்போல இரவுச் சாப்பாட்டுக்கு முன் சத்தமாக வாசித்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அத்தை பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டே கேட்பார். நாள் முழுக்க வேலையாள்போல நின்றுகொண்டே இருக்கும் அவர் உட்காருவது இந்தப் பத்து நிமிடம்தான்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. நோன்பன்று போன வருடம் நான் உங்களுக்கு ஊட்டிய கொழுக்கட்டையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று.

வாசிப்பு நின்றுவிட்டது. அத்தை எட்டிக் காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். மாமா கண்ணைத் திறக்காமலே “என்னட்டி நிறுத்திட்ட?” என்றார். மாமாவின் காதில் விழக்கூடாத வரி அது. அதனால் அத்தை சொன்னார், “எழுத்து அழிஞ்சிருக்கு. நீ கீழ உள்ளதப் படி மக்ளே.” தட்டச்சு எழுத்து எப்படி அழியும் என்று மாமா கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோன்புக் கொழுக்கட்டையை ஆண்கள் தின்பதில்லை. பார்ப்பதும் இல்லை. கைக்குழந்தையானாலும் ஆணென்றால் அடுத்த வீட்டில் விட்டுவிட்டுத்தான் மாவு பிசைவோம். மாவில் என்ன உருப் பிடிக்கிறோம், என்ன கதை சொல்கிறோம், எதுவும் வெளியே போகாது. எட்டு வயதில் நீங்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, அத்தை இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தது மறந்துவிட்டதா?

மறதியாக இருக்கலாம். ஒன்பது மாதம் வெயில் படாத மனிதர். மருந்து கொடுக்கிறார்களோ என்னவோ. கனவையும் நடந்ததையும் கலந்துவிட்டீர்களோ. இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. கடிதங்களில் நீங்கள் என்னைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். வகுப்பில் அந்தக் கடைசி பெஞ்ச் பெண் இப்போது பேசுகிறாளா, என் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது, ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறேன். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நீங்கள் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் அப்படித்தான். நான் காய்ச்சலில் கிடந்தால் ஒன்றும் கேட்காமல் கஞ்சி வைத்துக் கொண்டுவருவீர்கள். வாயால் கேட்டதில்லை.

கேட்பது பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து குமாரதாஸ் என்று ஒருவர் வந்தார். குடும்ப நல அலுவலராம். ஆப்பிள் கூடை, ஒரு ஃபைல். நீங்கள் இன்னும் இரண்டு வருடம் இருக்க விரும்புகிறீர்களாம், மனைவி சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். பதினோரு பக்கம். பாதிக்குமேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தது.

“கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

“எனக்கும் தெரியாதுக்கா. எங்கைல தந்ததே இப்பிடித்தான். நீங்க வெள்ளையா இருக்க எடத்துல போட்டாப் போதும்” என்றார். நல்ல பையன். வியர்த்துக்கொண்டிருந்தான்.

அவரை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டேன். “நான் ஆப்பிள் குடுக்க டிப்பார்ட்மெண்டுக்கா” என்றான். அது வேடிக்கைப் பேச்சா உண்மையா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஃபைலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மாத முடிவில் வருவானாம்.

மாமா பேனாவைத் தேடி எடுத்துத் தந்தார். அத்தை அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

அபிதா


தோவாளை
ஆவணி 27

அஞ்சல் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் நீங்கள் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மறதிக்கு மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கதவின் பச்சை நிறம். உள்ளே விளக்கு. அம்மா பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளில் சோறு எப்படிக் கசந்தது. வாசிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

எட்டிப் பார்த்தது என் கணவர் நிதின் அல்ல. அவருடைய சித்தி மகன். அத்தை அவனை அங்கேயே அடித்தார், அரை மணி நேரத்தில் அழைத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் கதவு பச்சை அல்ல. போன கடிதத்தில் தெரிந்தே மாற்றி எழுதினேன். எழுதும்போது கை கூசியது. கணவரைச் சோதிக்கிறோமே என்று.

இப்போது அந்தக் கூச்சம் இல்லை. வேறொன்று இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை.

நீங்கள் ஒரு ஆளா, பல ஆட்களா, ஆளே இல்லையா என்று தெரியாது. என் கடிதங்களையே நூல் நூலாகப் பிரித்து எனக்குத் திருப்பி நெய்து தந்திருக்கிறீர்கள். பழைய பதில்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். நான் எழுதாத ஒரு உண்மை அவற்றில் இல்லை. சித்திரையிலிருந்து நான் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அரசியல் பேசினால் கடிதம் போய்ச் சேராது என்று ஷிபா பயப்படுகிறாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ரகசியம் எங்கள் வீட்டிலும் உண்டு. மாவில் பிடிக்கும் உருவத்தை எந்த ஆணுக்கும் காட்டியதில்லை. அதனால் யாரும் தொலைந்துபோனதில்லை. வெளியே போன ஆண்கள் விடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். கதவைத் திறந்து, வாங்க என்போம். நீங்கள் எந்த விடியலில் கதவைத் திறப்பீர்கள்? அதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் தலைவர் சந்திரனுக்கோ அதற்கு அப்பாலோ போகட்டும். நான் வழி மறிக்கவில்லை.

நேற்று குமாரதாஸ் வந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. மாமா கோபத்தில் நாட்டுக்காக என்று ஏதோ சத்தம் போட்டார். அத்தை அவரைப் பார்த்துச் சொன்னார், “நாட்டுக்குன்னா நாடு வந்து கேக்கட்டும். இந்தப் பய வந்தா போதுமா?” குமாரதாஸ் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, ஆப்பிள் கூடையை விட்டுவிட்டு, ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டான். பிறகு யாருக்கும் கேட்காமல் என்னிடம், “அக்கா, ஆறு குடும்பத்துல நாலு வீட்டுக்குத்தான் என்னைய அனுப்புகாங்க” என்றான். மற்ற இரண்டு வீட்டில் கேட்க வேண்டியது இல்லையா, கேட்டு முடிந்துவிட்டதா, தெரியவில்லை. கேட்பதற்குள் வண்டி போய்விட்டது.

எங்களை அந்த நாலில் ஏன் வைத்தீர்கள்? நான் விடாமல் கடிதம் எழுதுவதாலா? எழுதாமல் நிறுத்தியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கொழுக்கட்டை வரியைச் சொன்னால் நோன்பைச் சொல்ல வேண்டும். நோன்பை அத்தை சொல்லமாட்டார். ஒரு ரகசியத்துக்குள் இன்னொன்றை வைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறார். அவரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே சமையலறையில் ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் காய் நறுக்குகிறோம். போன வாரம் திடீரென்று, “அவனுக்கு அங்க சோறு போடுகாங்களான்னு மட்டும் எழுதிக் கேளு” என்றார். யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதோ, கேட்டு எழுதிவிட்டேன்.

வரும் மகாளய அமாவாசைக்கு மாமா கன்னியாகுமரிக்குப் போகிறார். கடலில் நின்று, இறந்துபோன ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். நேற்று தின்பண்டப் பொட்டலத் தாளின் பின்புறத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா, அம்மா, அண்ணன். “மூணு பேரு” என்று பேனாவை மூடினார்.

அத்தை அடுப்படியிலிருந்தே, “மூடாதிய. இன்னும் நாளு கெடக்கு” என்றார்.

மாமா சிரித்தார். யாரை விட்டுவிட்டேன் என்று விரல் மடக்கி எண்ணினார். தாளில் நாலாவது வரி காலியாக இருக்கிறது.

அதனால் இதைக் கேட்கிறேன். கடிதம் வேண்டாம். இரண்டு பக்கம் வேண்டாம். என் தலைவலியைப் பற்றிக் கேட்க வேண்டாம், கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். மாமாவின் பட்டியலில் எத்தனை பெயர் என்று, ஒரு தாளில் ஒரு எண் எழுதி அனுப்புங்கள். மூன்று, அல்லது நான்கு. எண்ணில் இடமில்லை, பெயரில்லை, சட்டம் மீறும் ஒன்றுமில்லை. எந்தக் கறுப்புப் பட்டையும் அதன்மேல் தேவைப்படாது. முடிந்தால் கையால் எழுதுங்கள். ஆளாக இருந்தால்.

மூன்று என்று வந்தால் கார்த்திகைவரை காத்திருப்பேன். நான்கு என்று வந்தால் மாமாவிடம் நானே சொல்வேன். இரண்டும் இல்லாமல், அன்புள்ள அபிதாவுக்கு என்று தொடங்கி இரண்டு பக்கம் வந்தால் அதையும் வாசிப்பேன். என்னால் வாசிக்காமல் இருக்க முடியாது. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வீடு இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து அங்கே போவீர்கள். போனதும் கதவு திறக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் உங்கள் குரலைக் கேட்டதும் அது நீங்கள்தான் என்று அறிந்துகொள்ளட்டும்.

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்களுக்கு மூன்று நாள் போதும்.

நிதினின் மனைவி
அபிதா