குளிரில் நிற்க வேண்டிய சைக்கிள்

ஓலு, பின்லாந்து,
ஜனவரி 18, வியாழக்கிழமை

அன்புள்ள ஹில்க்காவுக்கு,

வெய்க்கோ எழுதுவது. நானும் நம் மகள் மெர்யா வீட்டாரும் நலம். ஸ்வீடன் காற்றில் உன் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது, உன் அக்கா ஐலா கோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாளா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த வீட்டு வரைபடமும் திங்களன்றே வந்துவிட்டன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசத்தான் செய்கிறோம். ஆனால் இங்கே எத்தனை டிகிரி என்று சொல்லி முடித்ததும் எனக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது என்பது உனக்கே தெரியும். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வேன் என்று நம்புகிறேன். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க வரிசையை முதலில் குறித்துவிடுகிறேன்.

1. குளிரும் பாதையும்
2. மெர்யாவும் வென்லாவும்
3. உன் சைக்கிளுக்கு நேர்ந்தது
4. மால்மோ வீட்டைப் பற்றி நீ கேட்ட கருத்து
5. சௌனா (இது அவசியமா என்று தெரியவில்லை)

முதலாவது. கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து மைனஸ் இருபதுக்கு மேல் ஏறவே இல்லை. நேற்றுக் காலை மைனஸ் இருபத்தேழு. ஊர் எழுந்திருக்கும் முன்பே பனி வாரும் வண்டி சைக்கிள் பாதையைச் சீவிவிட்டுப் போய்விடுகிறது. இந்த ஆண்டு ஓட்டுநர் புதியவர் போலிருக்கிறது, திருப்பங்களில் கொஞ்சம் மேடு விட்டுவிடுகிறார். புகார் எழுதலாமா என்று யோசித்தேன். அவருக்கும் முதல் ஆண்டாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் தினமும் ஓட்டுகிறேன். நீச்சல் குளம், நூலகம், கடை. இந்தக் குளிரில் டயருக்கு அடியில் பனி கிறீச்சிடும் சத்தம் உனக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் அதை இரண்டு சைக்கிளின் சத்தமாகவே கேட்டுப் பழகிவிட்டேன். நீ முன்னால், நான் பின்னால். பள்ளிச் சமையலறைக்கு நீ இடப்பக்கம் திரும்பும்போது மணியை ஒரு தட்டு தட்டுவாய், நான் நேராக நில அளவை அலுவலகத்துக்குப் போவேன். இப்போது ஒற்றைச் சத்தம் கேட்கும்போது டயரில் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது. ஒருமுறை இறங்கிப் பார்க்கவும் செய்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது. மெர்யாவுக்கு மருத்துவமனையில் காலை வேலை. வென்லா பள்ளிக்குத் தானாகவே சைக்கிளில் போய்வருகிறாள். அம்மம்மா எப்போது வருவாள் என்று என்னிடம் கேட்டாள். உன் அம்மாவிடம் கேள் என்றேன். அவளிடம் கேட்டதற்குத் தாத்தாவிடம் கேள் என்றாளாம். அதற்குப் பிறகு வென்லா யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெர்யா எப்படியும் சொல்லிவிடுவாள்.

உன் சைக்கிள் அக்டோபரிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. கதவிடுக்கு வழியாகப் பனித்தூள் வந்து இருக்கையிலும் கேரியரிலும் குவிந்துவிட்டது. ஆறாம் தேதி, மூன்று அரசர்கள் திருநாளன்று, பனிமண்வெட்டி எடுக்கப் போனபோது பார்த்தேன். என்ன தோன்றியதோ, அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் முன்கூடத்தில் நிறுத்தித் துடைத்தேன். மறுநாள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்றிருந்தேன். வைக்கவில்லை. அந்த இடம் குறுகல், உனக்கே தெரியும். போகும்போதும் வரும்போதும் என் கோட்டு உரசி மணி ஒருமுறை சிணுங்கும். அது தொந்தரவாக இல்லை.

அடுத்த வாரம் மெர்யாவின் சைக்கிள் சங்கிலி அறுந்துபோயிற்று. காலையில் அவசரமாக வந்து உன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். நான் அப்போது குளியலறையில் இருந்தேன். மாலையில் வந்தாள், கன்னம் இரண்டும் சிவந்து.

“அப்பா, நடுப்பாலத்துல பெடல் சும்மா சுத்துது. ஒரு அடி நகரல. ஆத்துக் காத்து வேற ஊசியா குத்துது. தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன், டூட்டிக்கு லேட்டு. ஏன்ப்பா, வண்டிய வீட்டுக்குள்ளயா வெச்சிருந்தீங்க?” என்றாள்.

தூசி துடைக்க எடுத்து வந்தேன் என்றேன்.

“ஒரு வாரமாவா துடைச்சீங்க? வென்லாவைக் கேளுங்க, அதுக்கே தெரியும், குளிர்ல நின்ன சைக்கிள் குளிர்லயே நிக்கணும்னு” என்றாள்.

அவள் சொன்னது சரி. முன்கூடத்துச் சூட்டில் பனி உருகி, பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியே போனதும் அது உறைந்துவிட்டது. உள்ளே பல் பிடிக்காவிட்டால் பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கௌக்கோவுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. கொட்டகை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். “ஏம்ப்பா வெய்க்கோ, உள்ள கூட்டிட்டுப் போனியே, சூடா சூப் ஏதாவது குடுத்தியா? ஒரு போர்வையும் போத்தி விட்டிருக்கலாம்ல” என்றான். நான் சிரித்தேன். “பாத்துக்க, ஹில்க்கா திரும்பி வர்றப்ப கட்டில்ல அவ எடத்துல சைக்கிள் படுத்திருக்கப் போகுது” என்றான். அதற்கும் சிரித்ததாகத்தான் நினைவு.

சைக்கிள் இப்போது மெர்யா வேலை செய்யும் இடத்துச் சூடான நிலவறையில் உலர்ந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான்காவது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும், எடுத்தால் இனி அங்கேயே தங்கிவிடுவதாகத்தான் அர்த்தம் என்றும் எழுதியிருந்தாய். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டிருந்தாய்.

வரைபடத்தை நான் மாலைதோறும் ஆராய்ந்தேன். அளவுகோல் குறிக்கவில்லை, இது வரைந்தவரின் தவறு. கதவின் அகலத்தை வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொண்டேன். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெற்குப் பார்த்த ஜன்னல். தரைத்தளம், படி ஏற வேண்டியதில்லை. ஐலா அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே குளிர்காலத்தில் மழைதான் பெய்கிறது. உறைகுளிர் உன் நுரையீரலுக்கு ஆகாது என்று மருத்துவர் நம் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஐலாவைப் பார்த்துக்கொள்ளப் போன நீ, அங்கே போன மூன்றாம் வாரம் தொலைபேசியில் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேசினாய். நான் அதைக் கவனித்தேன்.

ஆகவே என் கருத்து: அந்த வீடு நல்ல வீடு. ஒருவர் வசதியாக வாழலாம். இருவருக்குப் போதாது. நீ எடுத்துக்கொள்வதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை. என்னைப் பற்றி யோசிக்காதே. உனக்கு எது நல்லது என்று படுகிறதோ அப்படியே செய்.

நீ கிளம்பிய அன்று ரயில் நிலையத்திலும் இதையேதான் சொன்னேன். “குளிர் முடியறவரைக்கும் அங்கேயே இருந்துடவா, வெய்க்கோ?” என்று கேட்டாய். உனக்கு எது நல்லதோ அப்படி என்றேன். நீ கையுறையைக் கழற்றினாய், மறுபடியும் மாட்டிக்கொண்டாய், ஏறிவிட்டாய். போகிறவரைப் போகாதே என்று சொல்வது அவர் கையைப் பிடித்து முறுக்குவதற்குச் சமம் என்றுதான் நம் வீடுகளில் வளர்ந்தோம். என் அப்பா என் அம்மாவிடம் அப்படி எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்தாவது. சனிக்கிழமை நம் முறை வரும்போது சௌனா நீராவி அறையைச் சூடேற்றுகிறேன். கல்லில் தண்ணீர் ஊற்றுவது எப்போதும் நீதான் என்பதால் எவ்வளவு ஊற்றுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குறைவாக ஊற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல் பலகையில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, நான் அங்கே உட்காருவதில்லை. இது அவசியமான செய்தி அல்ல.

ஐலாவுக்கு என் வணக்கம். காலையில் மூச்சு மருந்தை மறக்காமல் இழுத்துக்கொள்.

உன்
வெய்க்கோ

வெள்ளிக்கிழமை

மேலே இருப்பதை உறையில் போட்டு ஒட்டி, இன்று காலை பாலத்து முனைத் தபால் பெட்டிக்குக் கொண்டுபோனேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பெட்டி முன்னால் நின்றேன். போட முடியவில்லை. ஒரு காரணத்தை உடனே கண்டுபிடித்தேன்: என் வேலைக்காலத்தில் வரைபடத்தை மட்டும் பார்த்து, நிலத்தில் இறங்காமல், எந்த எல்லைக்கும் கையெழுத்திட்டதில்லை. இதற்கு மட்டும் ஏன் இட வேண்டும்? கடிதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இது சரியான காரணமா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

வீட்டில் மேசை நாற்காலியையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, உன் கூடையில் மிச்சமிருந்த சாம்பல் நிறக் கம்பளி நூலை எடுத்து, மால்மோ வீட்டை நம் கூடத்துத் தரையில் முழு அளவில் போட்டேன். மூலைகளுக்கு உன் மாவுப் பாத்திரங்களை வைத்தேன். கதவுக்கு இடைவெளி விட்டேன். ஜன்னல் இருக்கும் இடத்தில் நம் ஜன்னலே பொருந்தி வந்தது, அது தற்செயல். கட்டிலுக்குப் போர்வையை விரித்தேன், சாப்பாட்டு மேசைக்குச் சிறிய மேசையை இழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் மெர்யா உன் சைக்கிளைக் கொண்டுவந்தாள். கொட்டகையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னப்பா இது, வலை பின்றீங்களா?”

அம்மாவின் வீடு என்றேன். அவள் நேராக நடந்து வந்தாள். சுவரை மிதிக்காதே என்றேன். திரும்பிப் போய், சுற்றிக்கொண்டு, கதவு வழியாக உள்ளே வந்தாள். பனி ஒட்டிய காலுறையோடு மேசையருகே உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. சின்னது. சரி, அம்மா எதுக்கு இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பினாங்க?”

கருத்துக் கேட்டிருக்கிறாள் என்றேன்.

“கருத்தா? அளவு சரியான்னு சொல்லவா? அப்பா, நாப்பது வருஷமா உங்களுக்கு முன்னாடி ஓட்டினவங்க. திரும்புற எடத்துல மணி அடிச்சா நீங்க கேக்கறீங்களான்னு பாக்கத்தானே அடிப்பாங்க? இந்தப் படமும் அப்படித்தான்.”

காபி போடட்டுமா என்றேன்.

அவள் நான் போட்டிருந்த நாற்காலிகளைக் காட்டி, “நான் ஒக்காந்திருக்கறது யாரோடது?” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். மேசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி. நானேதான் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். போடும்போது எனக்குத் தெரியாது. இரண்டும் நன்றாகவே பொருந்தியிருந்தன. மெர்யா போன பிறகு போர்வையையும் அளந்து பார்த்தேன். கட்டிலைத் தலைமாடு ஜன்னல் பக்கமாகத் திருப்பினால், நம் அகலமான கட்டிலே போகும், கதவும் முழுதாகத் திறக்கும். வரைபடத்தில் கட்டிலை எதிர்ச் சுவரில் வைத்துத்தான் நான் கணக்கிட்டிருந்தேன்.

நான் இந்த ஊரைவிட்டு வெளியே எங்கும் வாழ்ந்ததில்லை. என் ஸ்வீடிஷ் பழைய நிலப் பத்திரங்களைப் படிக்க உதவும், ரொட்டி வாங்க உதவாது. உனக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற பயம் இருக்கிறது. தனியாக இருக்க வேண்டுமென்றுதான் அந்த வீட்டை நீ கேட்டாயோ என்ற பயம் அதைவிடப் பெரியது. அப்படியானால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மேலே எழுதியதையே என் பதிலாக எடுத்துக்கொள்.

அப்படி இல்லையென்றால்: நான்காவது குறிப்பு தவறு. அந்த வீடு ஒருவருக்கானது அல்ல. உனக்கு நல்லதாகப் படுவதைச் செய் என்று நான் எழுதியதும் என் விருப்பம் அல்ல. என் விருப்பம் வேறு. அது இன்னும் தரையில், உன் நூலில் கிடக்கிறது. எடுத்துச் சுற்ற மனம் வரவில்லை. ஓரமாக, கதவு வழியாகவே போய்வருகிறேன்.

வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லுமுன் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல், ஹில்க்கா. முற்றத்தில் சைக்கிள் வைக்கச் சூடேற்றாத கொட்டகை இருக்கிறதா? இருந்தால், இரண்டு நிறுத்த இடம் இருக்குமா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
வெய்க்கோ