குதிர் ஓரத்து அயிரை

பாகூர்,
1956, கார்த்திகை மாதம்.

கடலுக்கு அந்தப் பக்கம் மர்சேய் பட்டணத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, பாகூரிலிருந்து தனக்கொடி வணங்கி எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் சுகம். ஏரி நிரம்பி மதகு வழிகிறது. சிவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அடுப்படி ஓட்டில் ஒழுக்கு, மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். அங்கே குளிர் எலும்பைக் கடிக்கும் என்று ரோசம்மாள் சொன்னாள். கம்பளி போட்டுக்கொள்ளவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் லீவில் வருவதாகவும், திரும்பும்போது குழந்தையைக் கையோடு கூட்டிப்போய் அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போவதாகவும், அவள் துணிமணிகளை எடுத்து வைக்கும்படியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என் பதில் கடைசியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள், எனக்குத் தெரியாதா? புரட்டினால் ஒன்றும் விளங்காது. நடுவில் மீன் கதை இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

ஆடி மாதம் சைகோனிலிருந்து வந்த ரோசம்மாள் இந்தப் பிள்ளையை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாளே, அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். தாய் காய்ச்சலில் போய்விட்டாள், எனக்கு மாற்றல் ஆகிவிட்டது, பிள்ளையை நீ வைத்துக்கொள், பெயர் ஜெயா என்று உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். அவ்வளவுதான். நான் என்ன கல்லா, மரமா? சைகோனில் உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று ஊரில் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நான் கேளாதவள் போல இருந்தேன். அந்தப் பேச்சு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுன் போட்டு நடந்து வந்தபோது எனக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூட மனசு வரவில்லை. ரோசம்மாள்தான் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

கஞ்சியைக் குடித்ததும் அவள் நேராகப் போய் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் நுழைந்துகொண்டாள். பூனைதான் அதில் போகும். அதன்பிறகு அதுதான் அவளுக்கு வீடு. ஜெயா, ஜெயா என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அவள் அம்மா லான் என்று கூப்பிடுவாள் என்று ரோசம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மாள் வைத்த பெயரைச் சொல்ல என் நாக்கு வரவில்லை. ஆகவே ஏய் என்றேன், பாப்பா என்றேன், பெயரில்லாமல் காலத்தை ஓட்டினேன்.

ஊரே வந்து பார்த்தது. குதிருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு பண்டத்தை நீட்டினார்கள். இன்னாடியம்மா இது, நெல்லுக்குப் பின்னால எலி பூந்தாப்போல, என்றார்கள். வெளியே வாடி, உன்ன இன்னா கடிச்சா தின்னுடப் போறோம், என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவள் இன்னும் உள்ளே போனாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, வைத்த சோற்றில் பாதியைத் தின்றிருப்பாள்.

ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில் மீன்காரி கலியம்மாள் வந்தாள். பங்காரு வாய்க்காலில் பிடித்த அயிரை, தண்ணீர்ச் சட்டியில் உயிரோடு. நான் பாத்திரம் எடுக்க உள்ளே போய்த் திரும்பி வருகிறேன், சட்டிக்கு முன்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது! குதிர்ச் சந்திலிருந்து தானாக வந்திருக்கிறது. மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. கலியம்மாள் வாயைத் திறக்கப் போனாள், சும்மா இரு என்று நான் கண்ணைக் காட்டினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அயிரை குழம்புக்குப் போகவில்லை.

போட்டு வைக்க நல்ல தொட்டியும் கிடைத்தது. வில்லியனூரில் இருந்த ஒரு துரைசானி, இங்கே கொடி மாறியபிறகு சாமான்களை ஏலம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள். அந்த ஏலத்தில் உங்கள் மச்சினன் மணவாளன் ஒரு கண்ணாடித் தொட்டி எடுத்திருந்தான், டீக்கடையில் முறுக்கு வைப்பதற்கு. மேலே மூடி இல்லை. ஈ மொய்க்கிறது என்று அவன் பெண்சாதி திட்டினாளாம். கேட்டதும் வண்டியில் வைக்கோலுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

நாங்கள் செய்த கூத்தை என்ன சொல்ல! தொட்டியைக் கூடத்தின் நடுவே, முற்றத்து வெயில் நேராக விழுகிற இடத்தில், முக்காலி மேல் தூக்கி வைத்தோம். நாலு பேர் பார்க்கவேண்டாமா? அடியில் கருங்கல் சல்லி போட்டோம். மணவாளன் கோலிக்குண்டு போட்டான். அப்புறம் பொரி. வில்லியனூர்க் கோயில் குளத்தில் பொரி போட்டால் மீன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருமே, அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மீன் என்றால் பொரிக்கு மேலே வரும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பொரி மேலே மிதந்து ஊறி நாறிப்போயிற்று. அயிரை ஒன்றுகூட மேலே வரவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. பார்க்க வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள். தண்ணீர் நாறுகிறதே என்று நான் மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் பாதி மீன் செத்து மிதந்தது.

பிள்ளை வந்து பார்த்தது. அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குதிருக்குப் பின்னால் போய்விட்டது. உங்கள் மேல் இருந்த கோபத்தைக்கூட அன்றைக்கு மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் மழை மூட்டம். கூடத்தில் முந்தானையை விரித்துச் சாய்ந்திருந்தேன், கண் பாதி மூடியிருந்தது. பிள்ளை சத்தமில்லாமல் வந்தாள். கையில் ஓர் உடைந்த ஓடு. தொட்டிக்குள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிப்போனாள். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் அயிரை அந்த ஓட்டின் நிழலுக்குள் நுழைந்தது. இன்னொன்று அதன் பின்னால் போயிற்று. அடிப்பாவி, இத்தனை பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தூங்குவதாகவே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் ஆற்றிலிருந்து பொடி மணல் கொண்டுவரச் சொல்லி, அலசி, சல்லியை எடுத்துவிட்டு மெதுவாகப் பரப்பினேன். அவள் பார்க்காத நேரத்தில்தான். அதற்கு மறுநாள் பார்த்தால் மணலில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருக்கிறது, ஓரத்தில் ஓட்டையோடு. நான் முக்காலியை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தரையில், குதிர் ஓரமாக, வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினேன். அவள் வேலம்பாசியைக் கொண்டுவந்து போட்டாள். நான் மூன்று பக்கமும் பழைய புடவைத் துணியைச் சுற்றினேன். பேச்சு ஒன்றும் கிடையாது. ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி வேலை செய்வாள். பல நாள் இரண்டு பேருமே தூங்குகிற பாசாங்குதான்!

இப்போது எனக்கு எல்லாம் அத்துப்படி. அயிரைக்கு மேலே மிதக்கிற தீனி ஆகாது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து உருட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில், ஓட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விடவேண்டும். நின்று பார்த்தால் வராது. ஒற்றை மீனாக விட்டால் ஒளிந்தே கிடக்கும். கூட்டாளி வேண்டும் என்று கலியம்மாளிடம் இன்னும் கொஞ்சம் வாங்கி விட்டேன். தண்ணீரை மொத்தமாக மாற்றவே கூடாது. ஒரு செம்பு எடுத்தால் ஒரு செம்பு ஊற்றவேண்டும், பழைய தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கவேண்டும். பிள்ளையின் தட்டையும் அப்படியே குதிர் ஓரத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கீரை ஆய்வேன். தட்டு காலியாகிற சத்தம் கேட்கும்.

ஐப்பசியில் உங்கள் அக்கா கெங்கம்மாள் பூரணாங்குப்பத்திலிருந்து வந்தார்கள். தம்பி பிள்ளையைப் பார்க்க ஆசையாக வந்தார்கள், குறை சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. இன்னாடி தனக்கொடி, கொழம்பு வெக்கிற மீனுக்குக் கொலு வெச்சிருக்கிற, என்றார்கள். நான் கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டப் போயிருந்தேன். திரும்புவதற்குள், புதுசா வந்த பொண்ணுக்கு அத்தை கையால அயிரைக் கொழம்பு, என்று சொல்லிக்கொண்டே, மீன் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கவைக்கப் பால் கலந்த தண்ணீரை ஒரு குண்டானில் தயாராக வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார்கள்.

குதிருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து மணிக்கட்டைக் கடித்துவிட்டாள் உங்கள் மகள்.

அய்யய்யோ, சீமைப் பூனை கடிச்சிட்டுதே, என்று அக்கா போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. குண்டான் கவிழ்ந்து பால் கூடமெல்லாம் ஓடிற்று. இனிமேல் பிள்ளைக்குப் பத்து நாளைக்குக் குதிர்ச் சந்துதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் குதிருக்குப் பின்னால் ஓடவில்லை. எனக்குப் பின்னால் ஓடி வந்தாள். என் புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். லான், பயப்படாதே, நான் இருக்கிறேன், என்றேன். என் வாயிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. நாக்கு கூசவில்லை. அக்காவுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன், காலில் விழுந்து மன்னிப்பும் கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

இப்போது அடை மழைக் காலம். மத்தியான வேளைகளில் நானும் லானும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தரையில் வைத்துத் தொட்டிக்குள் பார்க்கிறோம். முற்றத்து மழை வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிச் சுவரில் ஆடுகிறது. குதிர் ஆடுகிறது, மாடத்து விளக்கு ஆடுகிறது, நீங்கள் சட்டை போட்டு நிற்கிற படமும் ஆடுகிறது. வெளியே ஏரி, மேலே மழை, நடுவில் இந்த வீடு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருக்கிறது. மணலில் இரண்டு கண் மட்டும் தெரியும். அப்புறம் மீசை தெரியும். அப்புறம் முழு அயிரையும் எழுந்து, மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். அதுவரை பேசக்கூடாது என்று லான் என் வாயைப் பொத்துகிறாள். அந்தக் கை பிண்ணாக்கு வாசனை அடிக்கும். நேற்று அப்படியே என் கைமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போயிற்று. எடுக்க மனசு வரவில்லை.

இனி உங்கள் கடிதத்துக்குப் பதில். நான் அவள் துணிமணிகளை எடுத்து வைக்கப் போவதில்லை. தகரப் பெட்டியில் இப்போது விதைப் பயறு இருக்கிறது. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு அவள் ஒரு தடவை வந்துவிட்டாள், பாதி உயிரோடு வந்தாள். இன்னொரு தடவை மொத்தமாக மாற்றாதீர்கள். படிப்பு வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது, நானே கொண்டுபோய் விட்டு, வெளியே அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் பெற்றவர், உரிமை உங்களுடையது. எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் உங்களைக் கெஞ்சுகிறேன். திரும்புகிற கப்பலுக்கு உங்களுக்கு மட்டும் டிக்கட் எடுங்கள். அதுவும் வேண்டாம் என்று தோன்றினால், மழைக்காலத்து ஒழுக்கை அடைக்க இந்த வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

தை மாதம் நல்லபடியாக வந்து சேருங்கள். நம் ஊர் மூலநாதர் உங்களைக் கடலில் காப்பாற்றட்டும். வந்ததும் ஜெயா என்று சத்தமாகக் கூப்பிடவேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவேண்டாம். கொண்டுவந்த பொம்மையை மூஞ்சிக்கு நேரே நீட்டவேண்டாம். கூடத்தில் குதிருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்காருங்கள். நேரமாகும், எழுந்துவிடாதீர்கள். அவள் வருவாள். நானும் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
தனக்கொடி