சிறுகோளுக்குப் பெயர் கேட்கிறார்கள்

அடியே,

தேக்கா உணவங்காடியில் ஆட்டு சூப் வாசனை அடித்தாலே உன் ஞாபகம்தான். இன்றைக்கும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. நம் சிறுகோளின் சுற்றுப்பாதை உறுதியாகி, எண் கொடுத்துவிட்டார்களாம். இனி கண்டுபிடித்த நாமே அதற்கு ஒரு பெயர் சொல்லலாமாம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் டிஷ்யூ நீட்டினார்.

சிங்கப்பூர் வானத்தில் நாலு நட்சத்திரம் தெரிந்தாலே அதிசயம், நமக்கெதுக்கு இந்த வேலை என்று அன்று உன்னைக் கேட்டேன். "வானம் தெரியலன்னா என்ன, வைஃபை இருக்குல்ல" என்றாய். தெம்பனிஸில் உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, எங்கோ ஒரு தொலைநோக்கி எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எல்லாப் புள்ளியும் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் நகர்ந்தது. "ஐயோ, இது போகுதுடி!" நீ போட்ட கத்தலில் உன் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

அப்புறம் வருஷக்கணக்கில் காத்திருப்பு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற அது, சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் யாராவது மறுபடி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தொலைந்தது தொலைந்ததுதான்.

அதற்குள் உனக்கு முடியாமல் போனது. அடையாள அட்டையில் உன் பெயருக்குப் பின்னால் 'இன்னாரின் மகள்' என்று இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் தாதி கடைசியில் இருந்த உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டாள். "அப்பா போய் ரொம்ப நாளாச்சு லா, நான்தான் வந்திருக்கேன்" என்றாய். வார்டே சிரித்தது. அவள் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினாய். "ஸ்கூல்ல அப்பா பேரு, ஆபீஸ்ல வீட்டுக்காரர் பேரு. என் பேரு எங்கடி போச்சு?"

அந்தக் கேள்வியை இத்தனை நாளும் நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

புள்ளி திரும்பி வந்தபோது நீ இல்லை. உன்மேல் எனக்கு வந்த கோபம்! இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் உன் மகளைப் பார்க்கப் போனேன். தாத்தா பெயரோடு முழுப் பெயரையும் அனுப்பலாம் என்றாள். "அப்பதான் ஆன்ட்டி மரியாதையா இருக்கும்." பெயர் சின்னதாக, முடிந்தால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பது விதி. வாழ்க அந்த விதியை எழுதியவர்! "மரியாதையெல்லாம் சரிம்மா, உங்கம்மாவுக்கு அவ பேரு போதும்" என்றேன். பிறகு அவளே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

ஒப்புதல் வர நாளாகும். வரும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை, உன் பெயர் மட்டும்தான். இனி எந்த நாட்டுக்காரர் அதைத் தேடினாலும் உன்னைத்தான் கூப்பிட வேண்டும்.