அண்ணாந்து குடித்த தண்ணீர்

அக்கா,

இன்று காலை திண்டிவனம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பள்ளிக்கூடத்துப் பெண் பாட்டிலை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். பஸ் குலுங்கியதில் தண்ணீர் தவறிக் காதோரம் வழிந்து, சட்டைக் காலரின் பின்பக்கம் நனைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்களை முதலில் பார்த்ததும் அப்படிக் குடிக்கும்போதுதான். சின்ன வயதில், அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வருவேன். நீங்கள் உப்புக் கூடையை வரப்பில் இறக்கிவிட்டு, கேனைத் தூக்கி மூச்சுவிடாமல் குடிப்பீர்கள். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். "இன்னாடி பாக்குற? தண்ணி குடிக்கிறத பாத்ததே இல்லியா?" என்று கேட்டீர்கள். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சுனாமி அலை வந்த அடுத்த வருஷம் உங்களுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போனது. அதே வருஷம்தான் எனக்கு வேலை கிடைத்தது. பக்கவாதத்தால் பேச முடியாமல், விழுங்க முடியாமல் போனவர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி அது. வீடுவீடாகப் போய்ப் பார்த்து எழுதி வருவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க நாக்கு எழாது. படிவத்தை நீட்டிவிட்டு, வீட்டில் உள்ளதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"வந்துட்டா ஃபாரம் பொண்ணு," என்பார் உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மா. "அலை வந்ததுலேர்ந்து நம்மள எண்ணாதவங்க யாருடி?"

எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் உங்கள் வீட்டில் சொன்னது இதுதான். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், மாவு கலந்து கெட்டியாகக் கொடுக்கவேண்டும், இருமல் அடிக்கடி வந்தால் மூக்கு வழியாக டியூப் போடவேண்டியிருக்கும். இருமல் வந்ததா இல்லையா என்று உங்கள் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் தினமும் கட்டத்தில் குறிக்க வேண்டும்.

அவர் குறித்தார். ஒவ்வொரு வாரமும் ஏழு நாளும் 'இல்லை'. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. முதல் சந்தேகம் அங்கே விழுந்தது.

பிறகு உங்கள் ஜாக்கெட்டைப் பார்த்தேன். கஞ்சி சிந்தினால் மோவாயும் மார்பும் நனைய வேண்டும். உங்களுக்கு முன்பக்கம் காய்ந்திருந்தது. வலது காதுக்குக் கீழே, பின்கழுத்தில் ஈரம். அவர் உங்களைப் படுக்கவைத்து வாயில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவசரமாக வேலைக்கு ஓடுகிறார் என்று முடிவுகட்டினேன். நான் வந்ததும் அவர் வெளியே போய்விடுவார், என் கண்ணைப் பார்க்க மாட்டார். அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். நானும் அவர் கண்ணைப் பார்த்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மேடத்திடம் சொன்னேன். அவர் நேரில் வந்து, தெருவே கேட்கும்படி, "படுக்க வச்சுத் தண்ணி ஊத்துனா நுரையீரலுக்குள்ள போவும். நீங்களே அவங்கள கொன்னுடுவீங்க," என்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து நின்றார். ஏழுமலை அண்ணன், "சரிங்க மேடம்," என்றார். அவ்வளவுதான். நீங்கள் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் படிவத்தில் 'எரிச்சல் அதிகம்' என்று எழுதினேன்.

அப்போதும் பின்கழுத்து ஈரம் நிற்கவில்லை. ஒரு நாள் நான் வழக்கமாக வராத கிழமையில், சொல்லாமல் வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்து, வீட்டுக்கு முதுகு காட்டி நின்றார். உள்ளே நீங்கள் இடது கையால் சொம்பைத் தூக்கினீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, உப்பளத்தில் குடித்தது போலவே அண்ணாந்து ஊற்றிக்கொண்டீர்கள். வாயின் வலப்பக்கம் மூடாமல், தண்ணீர் காதுக்குக் கீழே வழிந்தது. உடனே முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் இருமினீர்கள். நெடுநேரம் இருமினீர்கள்.

"ஆச்சா?" என்று திரும்பிய அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார்.

"தண்ணி தரலேன்னா கஞ்சிக்கும் வாய தொறக்க மாட்டேங்குறா. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

"மேடம் திட்டுனப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா டியூப் போட்டுடுவாங்க. எதிர் வீட்டுக்காரரு டியூபோட ஆஸ்பத்திரிக்குப் போனவருதான், திரும்பி வரல. அத பாத்துட்டு உக்காந்திருக்கிறா இவ."

நான் உள்ளே வந்ததும் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து, படிவப் பையைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். எழுதாதே என்கிறீர்கள் என்று புரிந்தது. ஆனாலும் மேடத்திடம் சொன்னேன்.

"எப்படி குடிச்சாங்க? காட்டு," என்றார். நான் தலையை அண்ணாந்து காட்டினேன். அவர் எங்கள் பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்த படத்தில் ஒருத்தி கோப்பையை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "தலைய பின்னால சாய்ச்சா மூச்சுக்குழாய்க்கு நாமளே வழி விட்ட மாதிரி. மாவு கலக்கச் சொன்னேனே தவிர, எப்படிங்க தண்ணி குடிப்பீங்கன்னு ஒருத்தரையும் கேக்கலியே," என்றார்.

மறுநாள் அவரே உங்களுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தார். வேறு யாரும் தொடக்கூடாது, எச்சில் பட்டாலும் உங்களுடையது. டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வாயை நன்றாகத் துடைத்தபின், சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒவ்வொரு மடக்காக வெறும் தண்ணீர். இருமினால் மறைக்காமல் சொல்லவேண்டும். நீங்கள் விளிம்பில் உதட்டை வைத்தபோது முகம் சுளித்தது. குடித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அது மன்னித்த பார்வை என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நான்கு மாதம் ஓடியது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நெஞ்சில் சளி என்றார்கள். அந்த டம்ளர் தண்ணீரா, அதற்கு முன்னால் மறைத்துக் குடித்ததா, இரண்டும் இல்லையா? தெரியாது என்கிறார் மேடம். சில நாள் டம்ளரைச் சந்தேகப்படுகிறேன். பல நாள், 'எரிச்சல் அதிகம்' என்று எழுதிய கையை.

கடைசிப் படிவத்தை நிரப்ப உங்கள் வீட்டுக்குப் போனேன். பேனாவை எடுக்காமல், அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டேன்: "கடைசி வாரம் இருமினாங்களா?"

"இருமினா. ரெண்டு நாளா. சொல்லாதேன்னு கைய புடிச்சிக்கினா." படிவத்தைக் காட்டி, "எழுதிக்கோ," என்றார். "நீ என்னைய சந்தேகப்பட்ட, ஊரும் சந்தேகப்பட்டுச்சு. அவ ஒருத்திதான் படல. எனக்கு அது போதும்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை அக்கா. இப்போது அதை வாய்விட்டுக் கேட்கிறேன், படுத்திருப்பவரிடமே. போன வாரம் ஒரு வீட்டில், 'மாமனார் நாங்க குடுக்குறத தவிர எதுவும் தொடமாட்டாரு' என்று சத்தியம் செய்த மருமகளை வெளியே அனுப்பிவிட்டு, பேச்சு போன அந்தப் பெரியவரிடம், "யாருக்கும் தெரியாம இன்னா குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு கண்ணால் கட்டிலுக்கு அடியைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். பாதி காலியான கலர் சோடா பாட்டில் ஒன்று இருந்தது.