பாய்லர் திரையில் பழைய தண்ணீர்

ஜூலை 1, செவ்வாய்

கோலா கெத்தில் ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து இன்றும் புகார். அதே ஆள்தான். பாய்லர்மேன் பிச்சை. ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடமாக அதே பாய்லர், அதே மூஞ்சி. “திரை பழசு காட்டுது” என்று ஷிப்ட் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். பழசு காட்டுது என்றால்? இது என்ன மீனா, பழசாகிப் போக?

கோபத்தில் குழம்பாமல் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பெட்டி வினாடிக்கு ஒரு தடவை அளந்து அனுப்புகிறது. கட்டுப்பாட்டு அறைக் கணினி அதை வாங்கித் திரையில் போடுகிறது. தரவு ஓடிப்போய்ச் சேர ஒரு லைப்ரரி இருக்கிறது, யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல். அதை நேராகத் தொட்டால் எங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்குத் தலை சுற்றும் என்று அதன் மேல் நான் ஓர் உறை எழுதினேன். அனுப்பு, வாங்கு, இரண்டே கட்டளை. ஏழு மாதத்தில் ஓர் அளவுகூடத் தொலைந்ததில்லை, வரிசை மாறியதில்லை. இதில் என்ன பழசு?

முதலாளி ரவிச்சந்திரன் சிரிக்கிறார். “யோகேஸ், நீயே ஒரு நட போயிட்டு வா லா. வயசான ஆளு, நேரா சொன்னா அடங்கிடுவாரு.”

ஜூலை 3, வியாழன்

போனேன். காலை எட்டு மணிக்குத் திரையில் தண்ணீர் 61 விழுக்காடு. பாய்லரோடு பொருத்திய கண்ணாடிக் குழாயிலும் 61, உள்ளே நிற்கும் தண்ணீர் அதில் அப்படியே தெரியும். வேறென்ன வேண்டும்?

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “காலைல வந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ரெண்டு மணிக்கு வந்து பாரு.”

“ரெண்டு மணிக்கு வேற தண்ணியா ஊத்துறீங்கண்ணே?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் காடிக் கதவைத் திறந்து ஏறும்போது, காதில் விழட்டும் என்றே சொன்னார்: “படிச்ச திமிரு.”

நானும் பாலிங்கில் தோட்டத் தொழிலாளி மகள்தான். என்னிடம் இந்தப் பேச்சு வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

பிச்சை அடிக்கடி நாற்காலியை விட்டு எழுந்து கண்ணாடிக் குழாயைப் பார்க்க ஓடுகிறாராம். இனி எழக்கூடாது என்று ஆலை எஞ்சினியர் ஜைனல் கடிதம் கொடுத்துவிட்டார். நல்லது.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் இரண்டு இருபதுக்குப் பிச்சை நாற்காலியை விட்டு ஓடி, உலையில் எரிக்கும் நார் போகும் பெல்ட்டை நிறுத்தி, காற்று ஊதும் காற்றாடியை அணைத்து, உலைக்கதவைத் திறந்து நெருப்பை வாரி வெளியே தள்ளியிருக்கிறார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டது, வெடித்துவிடும் என்று கத்தினாராம். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆலை நின்று கிடக்கிறது.

ஜைனல் கணினிப் பதிவைக் கேட்டார். பத்து நிமிடத்தில் அனுப்பினேன். இரண்டு இருபதுக்குத் தண்ணீர் 58. இறங்கத் தொடங்கியது இரண்டு இருபத்து மூன்றுக்கு. அதாவது இவர் எல்லாவற்றையும் போட்டுக் கலைத்த பிறகு.

கை வெந்ததற்கு வருத்தம்தான். ஆனால் யார் போகச் சொன்னது?

ஜூலை 15, செவ்வாய்

பிச்சையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. என் பதிவுதான் சாட்சி.

மாலையில் ஒரு பெண் அழைத்தாள். இராசாத்தி, அவர் மனைவி. என் நம்பரை யார் கொடுத்தார்களோ.

“அந்த டிவி பொட்டிய வச்ச பொண்ணு நீதானே? சும்மாவா ஒரு மனுசன் நெருப்புல கைய விடுவாரு? தோலு உரிஞ்சு கெடக்காரும்மா.”

“பதிவுல இருக்கறததான் நான் சொல்ல முடியும்க்கா.”

“உன் பதிவு தீயில போக.”

வைத்துவிட்டாள். போனை மேசையில் வீசினேன். ஆத்திரத்தில்தான்.

ஜூலை 17, வியாழன்

விசாரணைக்கு அறிக்கை தயாரிக்கிறேன். ஆலை மின்பலகையின் பதிவுத் தாளும் வந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றது இரண்டு பதினான்கு என்று இருக்கிறது.

இரண்டு பதினான்குக்குப் பம்ப் நின்றுவிட்டது. உலை எரிகிறது, ஆவி போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் என் திரையில் ஒன்பது நிமிடம் தண்ணீர் அசையவே இல்லை. எப்படி?

கடிகாரம் தப்பா? ஆலை வயர்மேனைக் கேட்டேன். பலகைக் கடிகாரம் சரி. கணினிக் கடிகாரமும் சரி.

அப்படியென்றால்—

ஜூலை 18, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஆபீசில் அதே மாதிரிப் பெட்டியையும் கணினியையும் மேசையில் வைத்து ஓடவிட்டேன். பெட்டியில் எண்ணைக் கையால் மாற்றினேன். திரை உடனே மாறியது.

பன்னிரண்டு மணிக்கு மாற்றினேன். ஆறு நிமிடம் கழித்து மாறியது.

மூன்று மணிக்கு 20 என்று வைத்தேன். இருபது என்றால் பாய்லர் தாங்காது. திரை 60 என்றது. ஒன்பதரை நிமிடம் நான் அந்த அறுபதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் அற்பம். பெட்டி வினாடிக்கு ஒன்று அனுப்புகிறது. என் ‘வாங்கு’ ஒன்றை எடுத்து, திரையில் வரைந்து, ஒரு வினாடி நின்று, அடுத்ததை எடுக்கிறது. வரைவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதல், அவ்வளவுதான். வாங்காத அளவுகள் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒன்றும் தொலைவதில்லை. தொலைந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். பதிவில் விழுகிற நேரமும் அளந்த நேரம் இல்லை, திரையில் போட்ட நேரம்.

ஷிப்ட் மாறும்போது கணினியை அணைத்து மறுபடி போடுவார்கள், வரிசை காலியாகிவிடும். அதனால் காலையில் சரி. நான் போனதெல்லாம் காலையில். சோதித்ததெல்லாம் பத்துப் பத்து நிமிடம்.

ரெண்டு மணிக்கு வான்னு அந்த மனுசன் சொன்னாரே. போனா என்னடி கொறஞ்சிருக்கும் உனக்கு? கிண்டல் வேற. எல்லார் முன்னாலயும்.

ஜூலை 19, சனி

ரவிச்சந்திரனிடம் சொன்னேன். முதலில் கதவைச் சாத்தினார்.

“இன்னும் மூணு மில்லுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். ரெண்டு வரிய மாத்து, அப்டேட்டுன்னு போட்டுடு. விசாரணையில வாயத் தொறக்காத.”

“அவரு வேல போயிடும்ண்ணே.”

“ரெண்டு வருசத்துல ரிட்டையர் ஆகுற ஆளு லா. உறைய எழுதுனது நீ. வெளிய வந்தா உன் பேருதான் நாறும்.”

உண்மைதான். எழுதியது நான்தான். அதை ஏன் என் காதில் மிரட்டலாகச் சொல்கிறார்?

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன். மேசையில் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, பம்ப் நின்ற நேரம், திரை காட்டிய நேரம், எல்லாம். ரவிச்சந்திரன் என்னைப் பார்க்கவே இல்லை. ஜைனல் இரண்டு தாளையும் விரலால் ஒத்துப் பார்த்தார். பிறகு கேட்டார், “அவரு திரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா?”

“தண்ணி தீர்ந்த பிறகுதான் சார் திரை சொல்லியிருக்கும்.”

பிச்சை முழங்கை வரை கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தார். நன்றியை எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது இதுதான்: “நாலு மாசம் புத்தகத்துல எழுதுனேன். தமிழ்லதான் எழுதுனேன். உனக்குப் படிக்கத் தெரியும்தானே?”

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“என்கிட்ட எதுக்கு? வெளிய நிக்கிறா பாரு, அவகிட்ட சொல்லு.”

இராசாத்தி அக்கா நடையில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 22, செவ்வாய்

ரவிச்சந்திரன் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். திருத்திய உறையை மட்டும் ஆலைக்கு அனுப்பிவிட்டு மேசையைக் காலி செய்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஜைனல் அழைத்தார். பிச்சை வேலைக்குத் திரும்பிவிட்டாராம். திருத்திய திரையை ஏற்றுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாராம். “எழுதுனவள வரச் சொல்லுங்க. வேற யாரும் வேணாம்” என்றாராம்.

இன்று போனேன். என்னைக் கண்டதும் கையில் ஒரு வாக்கிடாக்கியைத் திணித்தார். “மேல ஏறு. கண்ணாடிகிட்ட நில்லு. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் எவ்வளவுன்னு சொல்லு.” அவர் குளிரூட்டிய அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை நின்றேன். சூட்டில் கண் எரிந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்க இறங்கினால், “யாரு எறங்கச் சொன்னா?” என்று குரல் வரும். பதினொன்றுக்கு 63 என்றேன், அறுபத்து மூன்று என்றார். ஒன்றரைக்கு 57, ஐம்பத்தேழு. கடைசி ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் எண்ணைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று மணிக்கு இறங்கி வந்தேன். எல்லாம் ஒத்துப் போயிருந்தது.

“கையெழுத்துப் போடுறீங்களாண்ணே?”

“ஒரு நாளுல என்னா தெரியும்? நாளைக்கும் வா. ஏழு மணி.”

ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.